குன்றத்தூர் வீட்டு மேசைக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்கு மேல் அந்தக் கணினி ஓடும், இணையம் திறக்கும், படம் காட்டும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இருக்காது.

விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அது எல்லாக் கணினியையும் ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். உங்கள் கணினியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ ‘சிஸ்டம்’ விவரத்தையோ பாருங்கள். ஐ5 என்பதற்கு அடுத்து 4210, 6200, 7200 என்று எண் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். 8250 என்றிருந்தால் தேறும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் ஏறக்குறைய அனைத்துக்கும் கதவு சாத்தியாகிவிட்டது.

குன்றத்தூர்ப் பக்கம் அப்படிப்பட்ட கணினிகளுக்குப் பஞ்சமில்லை. சேக்கிழார் பிறந்த ஊர், மலைமேல் முருகன் கோயில் என்று அறியப்பட்ட இந்த ஊர், கடந்த கால் நூற்றாண்டில் தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கும் ஊராகவும் ஆகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட்டுகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள், திருமுடிவாக்கம் சிட்கோவில் லேத்தும் விஎம்சியும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படிக்கிற பிள்ளைகள் என எல்லோர் வீட்டிலும் ஒரு கணினி உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப், பழைய அசெம்பிள்டு சிஸ்டம் என்று ஏதோ ஒன்று. இவற்றைக் குப்பைக்கு அனுப்ப வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் ஐந்தாறு ஆண்டு தாராளமாக உழைக்கும்.

ஆனால் லினக்ஸ் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. எந்த லினக்ஸ்? உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே, சோரின், எம்எக்ஸ் என்று நூற்றுக்கணக்கில் டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸ் வகைகள், இருக்கின்றன. யூடியூபில் தேடினால் ஆளுக்கொன்றைச் சிறந்தது என்கிறார்கள். இந்தக் குழப்பத்திலேயே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பழையபடி கடையில் கொடுத்து, கிராக் செய்த விண்டோஸைப் போட்டு வாங்கி வருகிறார்கள். அந்த கிராக் கோப்போடு என்ன வைரஸ் சேர்ந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் பிறகு வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள்.

குரோம்பேட்டையில் தொடங்கிய கதை

லினக்ஸ் இந்தப் பகுதிக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திறமூல மென்பொருளுக்கென மத்திய அரசு 2005இல் அமைத்த தேசிய வள மையம் சென்னையில்தான் தொடங்கியது. அதை நடத்திய இரண்டு நிறுவனங்களில் ஒன்று சி-டாக் சென்னை. மற்றொன்று குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம். குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் சாலையைப் பிடித்தால் சற்றுநேரத்தில் போய்விடலாம். அந்த முயற்சியில் 2007இல் வெளிவந்ததுதான் ‘பாஸ்’ என்கிற பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தும்படி சி-டாக் சென்னை உருவாக்கிய லினக்ஸ் அது.

ஏறக்குறைய அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளுக்கும் லினக்ஸே போனது. நாட்டில் பல மாநிலங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது தமிழ்நாடு செய்து காட்டியது.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களின் கைக்குப் போயின. தொடக்கத்தில் தந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரட்டையாக இருந்தன. கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும். உலகத்தில் வேறெந்த அரசும் இத்தனை வீடுகளுக்கு லினக்ஸை இப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு என்ன ஆனது? பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டாவது பெயரை யாரும் அழுத்தவே இல்லை. ‘சி டிரைவில் இடம் பத்தவில்லை’ என்று கடைக்குப் போனபோது முதலில் அழிக்கப்பட்டது அதுதான். மென்பொருளின் தரத்தில் குறையா என்றால், என் கருத்தில் அது முக்கியக் காரணம் இல்லை. பள்ளியில் ஆசிரியருக்கு அது பழக்கமில்லை. பாடப்புத்தகம் அதைக் கொண்டு எழுதப்படவில்லை. தெருமுனைக் கடைக்காரருக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லாத எதுவும் வீட்டில் நிலைக்காது.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே முதலில் ஐடி@ஸ்கூல் என்றும் 2017 முதல் கைட் என்றும் இயங்கும் அரசு அமைப்பு ஒரே ஒரு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் பள்ளிகளுக்கென ஒன்றைத் தயாரித்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தகவல்தொழில்நுட்பப் பாடப்புத்தகத்தை அதிலிருக்கும் மென்பொருள்களைக் கொண்டே எழுதியது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு லினக்ஸ் ஒரு அதிசயம் இல்லை. தமிழ்நாட்டில் கணினியைக் கொடுத்தோம். கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்யவில்லை. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசின் தகவல்தொழில்நுட்பத் துறை சொன்னது. அப்போதும் அதே குறை தொடர்ந்தது.

டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பதில் நான் முதலிடம் கொடுக்கும் விஷயம் இந்த வரலாற்றிலிருந்துதான் வருகிறது. அழகு, வேகம், புதுமை எல்லாம் பிறகு. நீங்கள் மாட்டிக்கொண்டால் உதவ எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

முதலில் வேலை, பிறகு லினக்ஸ்

கணினியில் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் பிரவுசர்தான் முக்கால்வாசி நேரமும் திறந்திருக்கும். பிஎஃப் பாஸ்புக் பார்ப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஆன்லைன் வகுப்பு, யூடியூப், வங்கி, மின்கட்டணம் எல்லாமே பிரவுசருக்குள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் விண்டோஸில் இருப்பது போலவே இருக்கின்றன. கடிதம், கணக்கு, பயோடேட்டா எழுத லிப்ரே ஆபீஸ் போதும். இந்த வீடுகள் தயங்காமல் மாறலாம்.

மாறக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். அதை மறைத்து லினக்ஸ் பிரசாரம் செய்வது நேர்மை இல்லை.

திருமுடிவாக்கத்தில் சிறிய யூனிட் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். பில்லும் ஜிஎஸ்டி கணக்கும் டேலியில் இருக்கும். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. வைன் போன்ற இடைமென்பொருளை வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. மாதக் கடைசியில் அது நின்றுபோனால் யாரைக் கேட்பது? யூனிட் கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ பதிவாகியிருந்தால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஎஸ்சி என்னும் மின்கையொப்ப டோக்கன் கட்டாயம். பென்டிரைவ் போலிருக்கும் அந்த டோக்கனுக்கான டிரைவரும் கையொப்ப மென்பொருளும் விண்டோஸை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டவை. கஸ்டமர் அனுப்பும் டிராயிங்கைத் திறக்க சாலிட்வொர்க்ஸோ ஆட்டோகேடோ தேவைப்படுகிறது. இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. சீமென்ஸ், மிட்சுபிஷி பிஎல்சிக்கு நிரல் எழுதும் மென்பொருள்களும் அப்படியே. இந்த வேலைகளுக்கென ஒரு கணினியை, விண்டோஸ் 11 ஏற்கும் ஒன்றாகப் பார்த்து, முறையான உரிமத்தோடு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அலுவலகத்தில் மீதமிருக்கும் கணினிகளை, மெயில் பார்ப்பவருடையதையும் கேட் என்ட்ரி போடுபவருடையதையும் வீட்டுக்கு எடுத்துப் போவதையும், லினக்ஸுக்கு மாற்றலாம்.

கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸும் அடிக்கும் டிடிபி கடைக்காரருக்கும் இதே அறிவுரைதான். பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், வானவில், பாமினி என்று பல ஆண்டு வேலைகள் அவர் கணினியில் குவிந்திருக்கும். பாமினி எழுத்துருவை லினக்ஸில் போட்டுக்கொள்ளலாம், எழுத்து தெரியும். ஆனால் பேஜ்மேக்கர் கோப்பு வராது. இ-சேவை மையம் நடத்துபவர்கள் கைரேகைக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று அந்தக் கருவியை விற்றவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இங்கே டிப்ளமோ மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஃப்ரீகேட் என்னும் கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்துவிட்டது. முப்பரிமாண மாடலிங்கின் அடிப்படையைக் கற்றுக்கொள்ள அது போதும், கிராக் தேடி அலைய வேண்டாம். இன்னொன்று லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் பிறந்து, இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்க்கும் மென்பொருள் அது. சாதாரண மேசைக் கணினியைக் கொண்டே மில்லிங் இயந்திரத்தையும் லேத்தையும் இயக்கும். டெபியனோடு சேர்த்தே தரவிறக்கிக்கொள்ளலாம். இயந்திரமே இல்லாமல் திரையில் சிமுலேஷனாக ஓட்டி ஜி-கோட் பழகலாம். ஒரகடம் பக்கம் வேலை தேடப்போகும் பிள்ளைக்கு இதைவிடச் செலவில்லாத பயிற்சிக்கூடம் வேறு இல்லை.

லினக்ஸ் என்றால் புரோகிராமர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் சாம்சங் டிவிக்குள் ஓடும் டைசன் இயங்குதளமும் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டதுதான். உங்கள் சட்டைப்பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் மையநிரலான கெர்னலும் லினக்ஸ்தான். 2007இலிருந்து டெல் நிறுவனம் இதே ஸ்ரீபெரும்புதூரில் கணினி தயாரிக்கிறது. உபுண்டு போட்ட லேப்டாப்களையும் அந்நிறுவனம் இந்தியாவில் விற்றிருக்கிறது.

குடும்ப மரம்

நூற்றுக்கணக்கில் பெயர்கள் இருந்தாலும் குடும்பங்கள் சிலவே. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல் எல்லாவற்றுக்கும் பொது. அதைச் சுற்றி என்னென்ன மென்பொருளைச் சேர்ப்பது, எத்தனை நாளுக்கொருமுறை புதுப்பிப்பது, பழையதை எத்தனை ஆண்டு காப்பது என்பதில்தான் வேறுபாடு.

1993இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் மூத்த குடும்பம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் நடத்துவது. ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம். அதிலிருந்து கிளைத்தது 2004இல் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்னும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு. ஒருகாலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் பலருக்கும் முதல் லினக்ஸ் அந்தத் தபாலில் வந்ததுதான். உபுண்டுவிலிருந்து கிளைத்தது 2006இல் கிளெமென்ட் லெஃபேவ்ர் தொடங்கிய லினக்ஸ் மின்ட். நம் பாஸ், கேரளத்தின் கைட், பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் கையிலெடுத்த மாயா எல்லாமே இந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

ரெட் ஹாட் நிறுவனத்தின் வழியில் வருவது ஃபெடோரா. புதியது வேண்டும் என்பவர்களுக்கு நல்லது. ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதம்தான். ஆண்டுக்கொருமுறையாவது பெரிய மேம்படுத்தல் செய்தாக வேண்டும். ஆர்ச் லினக்ஸில் பதிப்பு என்பதே இல்லை, தினமும் மாறிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். கணினியையே கற்க விரும்பும் மாணவனுக்கு அது பெரிய பள்ளிக்கூடம். நைட் ஷிப்ட் முடித்து வந்து பையனின் ஃபீஸ் கட்ட உட்காரும் அப்பாவுக்கு அது வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான்: குன்றத்தூரில் முதன்முறை லினக்ஸுக்கு வருகிற வீடு டெபியன் குடும்பத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்திலும் லினக்ஸ் மின்ட் என்பதே என் பதில்.

காரணங்கள் சொல்கிறேன். இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கை தடுமாறாத அமைப்பு. உபுண்டு எல்டிஎஸ் மீது கட்டப்பட்டதால் உபுண்டுவுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் அனைத்தும் இதற்கும் ஏறக்குறைய பொருந்தும். 2024இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். இன்னொரு காரணம் பழைய கணினிக்காரர்களுக்கு முக்கியமானது. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் உட்படச் சில மென்பொருள்கள் ஸ்னாப் என்ற பொதியாக வருகின்றன. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அவை முதல்முறை திறக்க நேரமெடுக்கும். மின்ட் ஸ்னாப்பைத் தவிர்த்துவிட்டது. புதுப்பிப்பு வரும்போது ஓரத்தில் ஒரு சின்னம் தெரியும். வேலையை நிறுத்தி உங்களைக் காத்திருக்க வைக்காது.

மின்ட்டுக்குள்ளும் சில முகங்கள் உண்டு. 8 ஜிபி ராம் இருந்தால் சினமன். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. முதல் தொகுதி அரசு லேப்டாப்களைப் போல 2 ஜிபிதான் என்றால் எந்த லினக்ஸும் மாயம் செய்யாது. இன்றைய இணையப் பக்கங்கள் நான்கைத் திறந்தாலே அந்த ராம் தீர்ந்துவிடும். அந்தக் கணினிக்கு 4 ஜிபியாக ராமை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டு, பிறகு எக்ஸ்எஃப்சிஇயையோ டெபியனையோ நிறுவுங்கள். எந்த டிஸ்ட்ரோ என்று பத்து நாள் யோசிப்பதைவிட எஸ்எஸ்டி மாற்றுவதில் கிடைக்கும் வேகம் பலமடங்கு. உண்மையிலேயே 32 பிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய செயலி என்றால் விட்டுவிடலாம். மின்ட்டின் முதன்மைப் பதிப்பு 2020லேயே 32 பிட்டை நிறுத்திவிட்டது. கடைசிவரை தாங்கிக்கொண்டிருந்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டது.

பொறியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் உபுண்டுவைச் சொல்வேன். ரோபாட்டிக்ஸ், மெஷின் லேர்னிங், கிளவுட் என்று எதைத் தொட்டாலும் நிறுவும் முறை முதலில் உபுண்டுவுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போனால் சர்வரிலும் அதையே பார்ப்பார்கள். புதிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கும்போது அதை அழிக்காமல் பக்கத்திலேயே டூயல் பூட்டாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யுமுன் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விண்டோஸ் பகுதியைத் திறக்க முடியாத நிலை வரலாம்.

பாஸ் லினக்ஸைப் போடக்கூடாதா என்று கேட்பீர்கள். போடலாம். சென்னையில் உருவானது, இந்திய மொழிகளுக்கு இடம் கொடுப்பது. ஆனால் வீட்டில் தனியாக ஒருவர் பயன்படுத்தும்போது கேட்டவுடன் பதில் கிடைப்பது மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும்தான். பயிற்சியும் ஆதரவும் சேர்த்துத் தருவதாக இருந்தால் அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பாஸ் நல்ல தேர்வு.

தமிழ் தட்டச்சும் பிரின்டரும்

வெளிநாட்டு யூடியூபர்கள் யாரும் சொல்லாத இரண்டு சோதனைகள் நம் ஊருக்குத் தேவை.

முதலாவது தமிழ். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும் எம்17என் என்ற பொதியையும் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் பட்டியலில் வந்துவிடும். யூனிகோட் எழுத்துருக்களான லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் ஆகியவற்றை எளிதாகப் போட்டுக்கொள்ளலாம். மின்ட்டின் மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ளவும் முடியும். மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் நிறைவாக இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் தடுமாறும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஊதியம் வாங்காமல் பல ஆண்டுகளாக அதை மொழிபெயர்த்தவர்கள் தமிழ் ஆர்வலர்கள்.

இரண்டாவது பிரின்டர். ஹெச்பி பிரின்டர்களுக்கு அந்நிறுவனமே திறமூல டிரைவர் தருகிறது, மின்ட்டில் செருகியவுடன் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். எப்சனின் இங்க்டேங்க் வகைகளுக்கும் நல்ல ஆதரவு உண்டு. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் அதிகம் காணும் கேனான் எல்பிபி 2900தான் சிக்கல். அதன் லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது. புதிய டிஸ்ட்ரோக்களில் அதை ஓடவைக்க நிறைய மெனக்கெட வேண்டும். வீட்டில் அந்த பிரின்டர்தான் இருக்கிறது, தினமும் அச்சடிக்கிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள்.

இந்தச் சோதனைகளை நிறுவாமலேயே செய்து பார்க்கலாம் என்பதுதான் லினக்ஸின் பெரிய வசதி. மின்ட்டின் தளத்திலிருந்து சுமார் 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, ரூஃபஸ் அல்லது எட்ச்சர் மூலம் அதில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். கணினியை மறுபடி தொடங்கி, டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸ் திறக்கும்.

அந்த நிலையில் ஒரு மாலை முழுக்க உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, தமிழ் தட்டச்ச வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிராட்காம், ரியல்டெக் வைஃபை சில்லுகள் சிலநேரம் முரண்டு பிடிக்கும். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், டிரைவரை அதன்வழி இறக்கிக்கொள்ளலாம். பென்டிரைவிலிருந்து ஓடும்போது மந்தமாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள்.

கேட்க ஆள் இருக்கிறார்கள்

குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் பெயரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. தமிழிலேயே பேசுவார்கள், சந்தேகத்தைத் தமிழிலேயே தீர்ப்பார்கள். சென்னைக்கு ஐஎல்யூஜி-சி என்ற பழைய குழு உண்டு. நெடுங்காலம் ஐஐடி மெட்ராஸில் மாதக் கூட்டம் நடத்தியவர்கள். விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களைச் சேர்த்து இயங்கும் விஜிஎல்யூஜி, 2023 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கான மினி டெப்கான்ஃப் என்னும் டெபியன் மாநாட்டையே தங்கள் ஊரில் நடத்தியது. டெபியன் உருவாக்குநர்கள் அந்த ஊர்க் கல்லூரிக்கு வந்து பேசினார்கள். 2012 ஜனவரியில் த.சீனிவாசன் தொடங்கிய கணியம் இதழில் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

2011இல் அந்த மடிக்கணினியை வாங்கிய பிள்ளைகளிடம் இப்படிக் கேட்க ஆள் உண்டு என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் பல லட்சம் வீடுகளில் பாஸ் அழிந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். இன்றும் நேரம் இருக்கிறது. இந்தத் தொழில்தடத்திலிருக்கும் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை தங்கள் ஆய்வகத்தைத் திறந்துவிடலாம். ஊர்க்காரர்கள் பழைய கணினியைக் கொண்டுவரட்டும், மாணவர்கள் லினக்ஸ் நிறுவிக் கொடுக்கட்டும். இந்தக் குழுக்களிடம் கேட்டால் வழிகாட்ட வருவார்கள். கல்லூரி முதல்வர்களும் கணினித் துறைத் தலைவர்களும் இதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் நீங்களே செய்வதாக இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. நிறுவும்போது வட்டை முழுவதும் அழித்து நிறுவவா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்று சொன்னால் பிள்ளைகளின் புகைப்படம், மார்க் ஷீட் ஸ்கேன், பத்திரத்தின் நகல் எதுவும் மிஞ்சாது. அந்தப் பொத்தானை அழுத்துமுன் எல்லாவற்றையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்து, அங்கே அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.